யாரும் முடிவுவரை கேட்காத பாட்டு

எனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. ஆனாலும் பதுளைக் கடைவீதி மாடியில் இருக்கிற இந்தச் சின்ன ஸ்டூடியோவைப் பொறுத்தமட்டில் நான் ஓய்வு பெற்றவள். ஹெட்போனைக் கழற்றி வைத்தாயிற்று. அடுத்த மாதம் வேறு ஊர், வேறு வேலை. அங்கேயும் எத்தனை நாள் கால் தரிக்கும் என்று கேட்காதீர்கள். படித்து முடித்த நாளிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது.

என் நாற்காலிக்கு வரப்போகிற தம்பிகளே, தங்கைகளே, எந்தப் பொத்தான் எதற்கு என்று நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் விரல்களே படித்துக்கொள்ளும். வந்த அன்றே தேநீரை ஊதிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். "அக்கா, ஒரு பாட்டு ஏன் ஓடுது, இன்னொண்ணு ஏன் படுத்துக்குது?" அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் தெரியாது என்பதால் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரே பதில் ஒரு நீளமான கதையாக இருந்தது, தேநீரோ சின்னக் கோப்பையில் இருந்தது.

ஒரு தீபாவளிக்கு முன்னால் நடந்தது இது. கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி எங்களிடம் இரண்டு பாட்டு செய்யச் சொன்னார். ஒன்று ஆட்டம் போடுகிற பாட்டு, தீபாவளிக்கு. இன்னொன்று தாலாட்டு. அவர் கடையில் குழந்தைப் போர்வைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தன, குளிர்காலமும் வந்துகொண்டிருந்தது. இரண்டு பாட்டின் முடிவிலும் கடையின் பெயரை ஒரு கணீர்க் குரல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருடைய நிபந்தனை.

ஆட்டப் பாட்டுக்கு எங்கள் உயிரையே கொடுத்தோம். பெரகலச் சந்திக்கு மேலே டிரோன் பறந்தது, பெண்கள் சிவப்புப் பாவாடையில் சுழன்றார்கள், மூடுபனி நாங்கள் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நின்றது. அப்படியொரு அழகு. அந்தப் பாட்டு வெளியான வாரமே செத்துப்போனது. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விளங்கியதுபோல் உங்களுக்கு ஒரு காரணம் சொல்ல என்னால் முடியும், ஆனால் அது பொய்யாக இருக்கும்.

நான் சொல்ல வந்தது தாலாட்டைப் பற்றி.

ஆட்டப் பாட்டுக்கு இடம் தேடி மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அலைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒரு கட்டடத்தின் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். பலகையில் சிறுவர் நிலையம் என்று எழுதியிருந்தது. ஆனால் அங்கே எல்லார் வாயிலும் அது புள்ளக்காம்பராதான். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது.

*கொழுந்து லொறி தூங்கிருச்சு, கோயில் மணி தூங்கிருச்சு,*
*பெரட்டுக் களம் தூங்கிருச்சு, பெரிய தொர தூங்கிருச்சு...*

பாடியவள் யோகேஸ்வரி. எல்லாரும் யோகா என்றார்கள். என் வயதுதான் இருக்கும். அந்தப் புள்ளக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை அவளுக்கு. சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்க, ஒவ்வொன்றையும் ஒரு தட்டுத் தட்டி நகர்ந்துகொண்டே பாடினாள். தோட்டத்தில் இருக்கிறதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூங்கப் போட்டுக்கொண்டு போவதுதான் பாட்டு. லொறி, மணி, காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம், தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை, துரையின் நாய், வளைவில் நிற்கிற கித்துள் மரம். பாட்டை யார் கட்டினார்கள் என்று கேட்டேன்.

"யாரும் கட்டல மிஸ். புள்ள தூங்குற வரைக்கும் எதையாச்சும் சேத்துக்கிட்டே போவேன். ஒரு நாளைக்கு ரெண்டு வரியில முடிஞ்சிரும். ஒரு நாளைக்கு பதுளை டவுனையே தூங்க வைக்கணும்."

அடுத்த வாரமே மைக்கோடு போனேன். பிள்ளைகளை விட்டுவிட்டு அவளால் பதுளைக்கு வர முடியாது, அதனால் ஸ்டூடியோ அங்கே போனது. மதியத் தூக்க நேரம். பிள்ளைகள் தொட்டிலிலும் பாயிலுமாகக் கிடந்தார்கள். யோகாவின் மகள் தர்ஷியும் பாயின் ஓரத்தில் படுத்திருந்தாள், வயது நான்கு. தகரக் கூரையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. எப்போது ஓயும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, சரி, மழையும் சேர்ந்து பாடட்டும் என்று பதிவை ஓட விட்டேன்.

தொடங்குவதற்கு முன் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"என் கொரல மாத்திட மாட்டீங்கதானே மிஸ்?"

"ஏன் மாத்தணும்?"

"நான் வெளிநாடு போறேன். குவைத்துக்கு. தீவாளி கழிஞ்சி. தர்ஷி நான் பாடாம தூங்க மாட்டா. அவுக அப்பா பாடுனா எந்திரிச்சி உக்காந்து சிரிப்பா. அவளுக்குத்தான் பாடுறேன். மத்தவங்க கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்."

மாற்றமாட்டேன் என்று சொன்னேன். சொல்வதற்கு எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. பாட்டு முதலாளியுடையது. ஆனால் அந்த மழையில், தூங்குகிற அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில், முதலாளி என்று ஒருவர் உலகத்தில் இருப்பதே மறந்துபோயிருந்தது.

தாலாட்டு வெளியானது. சில வாரங்கள் போயின. ஒரு செவ்வாய்க்கிழமை முதலாளி மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

பாட்டை ஏற்றுகிற நம் வீடியோ சேனலின் உள்பக்கத்தில் ஒரு கோடு காட்டும், பார்த்திருப்பீர்கள். பாட்டு தொடங்கும்போது உயரத்தில் இருக்கும், கேட்பவர்கள் விட்டுப் போகப் போக இறங்கும். தாலாட்டின் கோடு நடுப்பகுதி வரை நேராக வந்து, அப்புறம் சரிவில் கால் வழுக்கியவர்போல ஒரேயடியாக விழுந்திருந்தது. கடையின் பெயரைச் சொல்லும் இடத்தில் ஏறத்தாழ ஒருவரும் இல்லை.

"இத யார்கிட்டயும் வெளக்கம் கேக்க வேணாம்" என்றார் முதலாளி. "பந்தியில உக்காந்தவன் பாதிச் சோத்துல எந்திரிச்சிப் போறான்னா சமையல் சரியில்ல. அவ்வளவுதான். அந்தப் புள்ள பாடுறதக் கேட்டா எனக்கே கொட்டாவி வருது."

"அது தாலாட்டுங்க" என்றேன்.

"நான் பொடவை விக்கிறவன்மா. தூக்கம் விக்கிறவன் இல்ல. கொழும்புல நல்லாப் பாடுற புள்ளைய வெச்சி, கொஞ்சம் வேகமா, அந்த மழை எரைச்சல் இல்லாம மறுபடி பண்ணுங்க. கட பேரு மொதல்ல வரணும். இப்ப இருக்கிறத எடுத்துருங்க. வெள்ளிக்கெழமை கடைக்கு வந்து சொல்லுங்க."

எங்கள் ஸ்டூடியோக்காரரை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியராக வந்து, பதுளைக் குளிர் பிடித்துப்போய், சுண்ணாம்புக்கட்டியை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்தவர். முதலாளி இறங்கிப் போனதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அந்தாள் கேக்கிறதிலயும் நியாயம் இருக்கு பிள்ளை. பாட்டு அவற்ற சொத்து. நீர் நேர போய் அந்தப் பிள்ளையிட்டச் சொல்லிப்போட்டு வாரும். போனில சொல்லாதையும். வடிவில்லை."

மறுநாள் மடுல்சீமை பஸ் ஏறினேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைக் கட்டிக் கட்டிக் கலைத்துக்கொண்டிருந்தேன். பசறை தாண்டியதும் பனி ஜன்னல் வரை வந்துவிட்டது. தேயிலை மலைகள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. பஸ் நகர்கிறதா, மலைதான் நகர்ந்து போகிறதா என்று சொல்ல முடியாத நேரம் அது. பக்கத்தில் இருந்த பெண் மரக்கறிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எழுப்ப மனம் வரவில்லை.

புள்ளக்காம்பராவை அடைந்தபோது மதியம் கடந்திருந்தது. கதவைத் தள்ளி, "யோகா" என்று கூப்பிட்டேன்.

"கத்தாதீங்க மிஸ்" என்று உள்ளேயிருந்து காற்றுப்போல ஒரு குரல். "இப்பத்தான் பெரிய தொர தூங்குனாரு."

கண் இருட்டுக்குப் பழகியது. உத்தரத்தில் ஒரு சீலைத் துணியை முடிந்து, அதற்குள் போன். போனுக்குள் யோகாவின் குரலும் அன்றைய மழையும். அந்த யோகா பாடிக்கொண்டிருக்க, இந்த யோகா ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே பனி மட்டும்தான், மழை இல்லை. ஆனாலும் அறைக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. கடைசித் தொட்டிலில் இரண்டு விழிகள் மட்டும் மின்னின. அவை ஒரு தரம் மூடித் திறந்தன, மறுபடி மூடின. யோகா எட்டிப் போனை நிறுத்தினாள்.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க? இன்னும் பாதிப் பாட்டு இருக்கே."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "தூங்கிருச்சிங்களே மிஸ். அதுக்கப்புறம் யாருக்குப் பாடுறது?"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மத்த எடத்துலயும் போடுறாங்களா?"

"லுணுகலையில எங்க சித்தி மக இருக்கா, அவளும் புள்ளக்காம்பராதான். அவ தினமும் இதத்தான் போடுறா. அவகிட்ட இருந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போச்சு. லயத்து வூடுகள்ல அம்மாமாரு ராத்திரிக்கிப் போடுறாங்க. ஆனா பாருங்க மிஸ், பெரிய தொரைக்கு மேல என்னா வருதுன்னு அவளுக்குத் தெரியவே தெரியாதாம். நாய் வருதுடின்னேன். நாய் வேறயா இருக்குன்னு கேக்குறா."

கோடு விழுந்த இடம் எனக்கு மனப்பாடம். பெரிய துரை தூங்குகிற இடம்தான் அது. மலைமலையாக, லயம்லயமாக, அந்த வரியில்தான் பிள்ளைகள் கண்ணை மூடியிருக்கிறார்கள். போனை நிறுத்திய ஒவ்வொரு கையும் கோட்டை ஒரு துளி கீழே இறக்கியிருக்கிறது. எங்கள் கண்ணுக்கு அது பந்தியிலிருந்து எழுந்து போனவர்களாகத் தெரிந்தது. அவர்கள் வயிறு நிறைந்து எழுந்தவர்கள்.

"என்ன விசயமா வந்தீங்க மிஸ்?" என்று யோகா கேட்டாள்.

சொல்ல வேண்டிய வாக்கியங்கள் அத்தனையும் என்னிடம் தயாராக இருந்தன. அங்கேதான் நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை நான் தோற்றால், இன்று சொல்லாமல் போவது அவளை ஏமாற்றுவதாகிவிடும். மறுபடி வந்து சொல்ல நேரமும் இருக்காது. விசா வந்துவிட்டதாகவும் பெட்டி வாங்கிவிட்டதாகவும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கையில், பாதி மடித்த ஒரு பிள்ளைச் சட்டை. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, உள்ளதைச் சொன்னேன்.

"ஒங்க குரல எடுத்துட்டு வேற ஆளப் பாட வைக்கணும்னு மொதலாளி சொல்றாரு. அதச் சொல்லத்தான் வந்தேன். இப்ப, அது நடக்கக் கூடாதுன்னு பேசப் போறேன். நடந்தாலும் நடக்கலாம்."

அவள் சட்டையை மடித்து முடித்தாள். "வேற ஆளு பாடுனா தர்ஷி கண்டுபிடிச்சிருவா மிஸ்" என்றாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை புடவைக்கடைக்கு நான் மட்டும் போனேன். தீபாவளிக் கூட்டம். முதலாளி கல்லாவில் இருந்தார். கோடு ஏன் விழுகிறது என்று சொன்னேன், புள்ளக்காம்பராவில் பார்த்ததைச் சொன்னேன். அவர் தலையாட்டிய விதத்தில் ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை என்று தெரிந்தது.

"நீ படிச்ச புள்ள, நல்லாப் பேசுற" என்றார். "நீ சொல்றதுக்கு சாட்சி யாரு? ஒரு புள்ளக்காம்பரா. நான் ஒரு கடைக்குப் பாட்டுப் போட்டிருக்கேன்."

வேறு வழி தெரியாமல் போனை எடுத்துக் கல்லாமேல் வைத்துப் பாட்டை ஓடவிட்டேன். அந்தச் சந்தடியில் யார் காதிலும் விழாது என்றுதான் நினைத்தேன். பட்டுப்புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த விற்பனைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க மொதலாளி, பட்டப்பகல்ல பெரிய தொரப் பாட்டு போடுறீங்க? நானே தூங்கி விழுந்துருவேன்."

"ஒனக்கு எப்புடித் தெரியும் இது?"

"எங்க லயத்துல எல்லா வூட்லயும் இதுதாங்க. என் அக்கா மக இது இல்லாட்டி ரெண்டுல ஒண்ணு பாத்துருவா."

முதலாளி மெதுவாகக் கேட்டார். "இது யாரு போட்ட பாட்டுன்னு தெரியுமா ஒனக்கு?"

"யாருங்க?"

"நாந்தான். கடைசில நம்ம கட பேரு வருதுல்ல?"

அவள் யோசித்தாள். "அப்படியாங்க? நான் கடைசி வரைக்கும் கேட்டதே இல்லீங்களே."

புடவை பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "நானுங் கேட்டதில்ல" என்றாள்.

முதலாளி என்னைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். விட்டுவிடாமல் சொன்னேன். "பாட்டப் போடுற அந்த நிமிஷம் மட்டுந்தாங்க எல்லாரும் போனைப் பாக்குறாங்க. படத்துல ஒங்க போர்வை இருக்கட்டும், ஓரத்துல கட பேரு இருக்கட்டும். யாரும் வாயத் தெறந்து சொல்ல வேணாம். சொன்னா புள்ள முழிச்சிக்கும்."

"சரி. அந்தக் கணீர்க் கொரலையும் எடுத்துரு" என்றார். "பாவம், அவன் யாருக்குக் கத்துறான்."

யோகாவின் குரல் தங்கியது. பாட்டு ஊவா மாகாணத்தைத் தாண்டியும் போனது. நம் மொழி புரியாத வீடுகளிலும் போடுகிறார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. ஸ்டூடியோவில் எல்லாரையும் நிறுத்தி வைத்து ஒரு தத்துவமே பேசினேன். நல்லதாக இருப்பதால் எதுவும் ஓடுவதில்லை, வீட்டில் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும், அந்த வேலையைச் செய்துவிட்டு அது மறைந்துவிட வேண்டும் என்று. இன்றும் அதை நம்புகிறேன். நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை.

யோகா போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் லயத்துக்குப் போனேன். அவள் கணவர் சிவா, தொழிற்சாலையில் வேலை. வாசலில் உட்கார வைத்து, பால் இல்லாத பிளேன்டி கொடுத்தார். மலையெல்லாம் பாட்டு ஓடுகிற விதத்தை நான் உற்சாகமாகச் சொல்லச் சொல்ல, அவர் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லா புள்ளையும் தூங்குது மிஸ்" என்றார். "இவ மட்டும் தூங்க மாட்டேங்குறா."

"பாட்டுப் போட்டுமா?"

"போட்டாத்தான் தூங்க மாட்டேங்குறா. தொர தூங்கி, நாய் தூங்கி, மரந் தூங்கி, எல்லாம் முடியிற வரைக்கும் கண்ண முழிச்சிக்கிட்டு கேக்குறா. முடிஞ்சதும் மறுபடி போடுன்னு சொல்றா. எனக்கே பாட்டு மனப்பாடம்."

தர்ஷி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டேன். வந்தாள்.

"ஏன் பாப்பா தூங்க மாட்டேங்குற?"

"பாட்டு முடியலையே."

"முடிஞ்சிருச்சே."

"அதுக்கப்புறம் அம்மா பேசுவாங்க" என்றாள். "இதுல பேச மாட்டேங்குறாங்க."

அன்றைக்கு அவள் பாயின் ஓரத்தில் படுத்திருந்தாள் என்றேன் அல்லவா. அவள் தூங்கியிருக்கவில்லை. மழையையும், பாட்டையும், பாட்டுக்குப் பிறகு நடந்ததையும் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்திருக்கிறாள். பாட்டு முடிந்ததும் வருகிற பேச்சை வெட்டிவிடுவது நம் தொழில். தினமும் செய்கிறோம். கை தானாகச் செய்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் எல்லாருக்கும் முன்னால் ஸ்டூடியோவுக்கு வந்து, அன்றைய மூலப் பதிவைத் தேடி எடுத்தேன். பாட்டு முடிந்த பிறகும் மழை கொஞ்ச நேரம் தனியாகப் பெய்தது. யாரோ ஒரு பிள்ளை இருமியது. அப்புறம் யோகாவின் சாதாரணக் குரல், பாட்டுக்கு வெளியே இறங்கி வந்த குரல். "முடிஞ்சிருச்சு மிஸ். இருங்க, இவ போர்வைய ஒதைச்சிட்டா." துணி சரசரத்தது. பிறகு, மிக அருகில், சிரிப்பை அடக்கிக்கொண்டு: "ஏய் தர்ஷி. முழிச்சிக்கிட்டுத்தானே இருக்க?"

அதற்குப் பதில் இல்லை. மழை மட்டும்.

அந்த வாலைச் சேர்த்து ஒரு பிரதி செய்தேன். எங்கும் ஏற்றவில்லை. நம் சேனலில் அது இல்லை, எந்தக் கோட்டிலும் அது வராது. அதைக் கேட்க இருப்பவள் ஒருத்திதான். சிவாவின் போனுக்கு அனுப்பிவிட்டு, மாலை வரை எந்த வேலையிலும் மனம் ஒட்டாமல் திரிந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அவர் எதுவும் பேசியிருக்கவில்லை. பாட்டின் கடைசியைத்தான் தூரத்திலிருந்து பிடித்திருந்தார். மரம் தூங்கியது. மழை தனியாகப் பெய்தது. போர்வை சரசரத்தது. ஏய் தர்ஷி, முழிச்சிக்கிட்டுத்தானே இருக்க?

"இல்லம்மா" என்று ஒரு சின்னக் குரல் சொன்னது. "தூங்கிட்டேன்."